சவரிமுத்துவின் பசி

செய்தி தொழிற்சாலை கேட்டுக்குத்தான் முதலில் வந்தது. பருத்திப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த சவரிமுத்து அண்ணனுடைய மைத்துனர், காவலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றிருக்கிறார். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி நான் ஓடினேன். "மாமா பூட்டாரு அண்ணே. ஆஸ்பத்திரிலயே பூட்டாரு. அக்கா உங்களாண்ட மொதல்ல சொல்லச் சொல்லிச்சு" என்றார்.

மறுநாள் மதியம் கேன்டீனில் இரங்கல் கூட்டம் போட்டோம். எழுந்து நின்று மௌனம் காத்தோம். அதன் பிறகு மேற்பார்வையாளர் பேசினார். சவரிமுத்து நல்ல தொழிலாளி, லேத் மெஷினில் அவர் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "வாயை மட்டும் கொஞ்சம் கட்டியிருந்தா இன்னும் பத்து வருஷம் நம்மோட இருந்திருப்பார்" என்று முடித்தார். பல தலைகள் அசைந்தன. பகையில் அசைந்த தலைகள் அல்ல அவை. எல்லாரும் அவரை நேசித்தவர்கள்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே வராத பேச்சை இங்கே, நம் தொழிற்சாலை இதழில் எழுதுகிறேன். அன்று தலையசைத்தவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அவரை அறியாதவர் நம்மில் குறைவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் தொழிற்சாலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர் ம. சவரிமுத்து. பக்கத்து மெஷினில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்பேன், அவர் என்னை நைனா என்பார். ஆள் பெரிய உருவம். இரண்டு மெஷின்களுக்கு நடுவே இருந்த சந்தில் அவர் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். 'அண்டா' என்று பட்டப்பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால், "அண்டா வந்துகினே கீது, வழி உடுங்கப்பா" என்று அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு நிஜம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எனக்கு வயிற்றில் புண் வந்தது அந்த நாட்களில்தான். வெறும் வயிற்றில் எரியும், எதையாவது தின்றால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி எரியும். சோடா உப்பைக் கரைத்துக் குடித்தே சில வருடங்களை ஓட்டினேன். ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே காப்பிப் பொடி நிறத்தில் வாந்தி எடுத்துச் சரிந்தேன். சவரிமுத்து அண்ணன் என்னைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து, இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள்.

எரிச்சல் போயிற்று. அதோடு பசியும் போய்விட்டது. பசி மந்தம் என்று நான் சொல்லவில்லை. பசி என்ற ஒன்றே எனக்கு வருவதில்லை. மணி பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டாலோ, பாயசம் மாதிரி இனிப்பாக எதையாவது குடித்துவிட்டாலோ, சற்று நேரத்தில் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைய வேர்க்கும், கண் இருட்டும். சிறிது சிறிதாக, நாளைக்கு ஆறு வேளை சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். உடம்பு பாதியாகிவிட்டது. வீட்டில் அழுதார்கள். வெளியில் மட்டும் வேறு மாதிரி பேசினார்கள். "கோபாலைப் பாரு, அளந்து சாப்பிடறான். உடம்பை எப்படி வெச்சிருக்கான் பாரு." கத்தி செய்த வேலைக்கு எனக்குப் பாராட்டு. சொன்னவர்கள் பெரும்பாலும் அடுத்த நொடியே சவரிமுத்து அண்ணன் பக்கம் திரும்புவார்கள். அவர், மனைவி மேரி அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டிருப்பார்.

நம் தொழிற்சாலையின் விதி உங்களுக்குத் தெரியும். மெஷின் பக்கத்தில் தின்பண்டம் கூடாது. டீ நேரமும் சாப்பாட்டு நேரமும்தான். எனக்கோ அவற்றுக்கு இடையிலும் இரண்டு வாய் போட்டாக வேண்டும். என் அலமாரி மேற்பார்வையாளர் அறையின் கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. அண்ணனுடையது தூணுக்குப் பின்னால். "உன் டப்பாவ என்னாண்ட குடு" என்றார். அன்றிலிருந்து என் இட்லியும் அவித்த முட்டையும் அவர் அலமாரிக்குப் போயின. எனக்குப் பசி வராது, வேலை மும்முரத்தில் நேரமும் மறந்துவிடும். அவர்தான் ஞாபகப்படுத்துவார். "நைனா, டைம் ஆச்சு. துன்னு."

"எப்படிண்ணே கடிகாரம் பாக்காம கரெக்டா சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பசிக்குதுல்ல? என் வயிறு ரெண்டு பேருக்கும் சேத்து மணி அடிக்குது" என்றார்.

அதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பசியோடு நிற்கும் மனிதர், பசியே இல்லாதவன் கையில் சாப்பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் விழுங்கும்வரை யாரும் வராமல் பார்த்துக்கொண்டு நின்றார். பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை நீட்டியிருக்கிறேன். "போ நைனா, உன் மருந்த நான் துன்னவா?" என்பார். மதியம் நாங்கள் சேர்ந்தே உட்காருவோம். அவர் தூக்கில் இருந்தது மற்றவர்கள் கொண்டுவந்ததைவிட ஒரு பிடி குறைவாகவே இருக்கும். இதை நான் சாட்சியாகச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பார்த்தவன் நான். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவருக்குப் பசிக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் மேற்பார்வையாளர் சுற்றி வந்தபோது அந்த அலமாரியைத் திறக்கச் சொன்னார். டப்பா இருந்தது. இட்லி இருந்தது. முட்டை ஓடு இருந்தது. "வேலை நேரத்துல கூடவா, சவரிமுத்து?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "தப்புதான் சார்" என்றார்.

நான் குறுக்கே போய், "சார், அது என்னோடது" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று மாலையே மானேஜர் அறைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். அறுவை நடந்ததைச் சொன்னேன். சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பையும் காட்டினேன். மானேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடிக்கு வெளியே தெரிந்த அண்ணனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு ஆபரேஷன் ஆனது எனக்கும் தெரியும்ப்பா. நண்பனைக் காப்பாத்தணும்னு நினைக்கறே, நல்ல குணம். ஆனா யாரு தின்னிருப்பாங்கன்னு கண்ணால பாத்தாலே தெரியுதே" என்றார்.

அப்போது எங்களுக்கு மேலே சார்ஜ்மேன் பதவி ஒன்று காலியாக இருந்தது. அண்ணனுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அது வேறொருவருக்குப் போனது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த டப்பா யாருடையது என்பதை மட்டும் நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பெயர்தான் உயர்ந்தது. பட்டினி கிடக்கவும் தெரிந்தவன், நண்பனை விட்டுக்கொடுக்கவும் தெரியாதவன் என்றார்கள்.

பதவி கைவிட்டுப்போன அன்று, வேலை முடிந்து இருவரும் மண்ணூர்பேட்டை வரைக்கும் நடந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அழுதேன்.

"உடு நைனா. நீ சொல்லாம இருந்தாத்தான் எனக்கு வருத்தம். நீ சொன்ன, அவுங்க நம்பல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"மேரி அக்காகிட்ட என்னன்னு சொல்வீங்க?"

"சொல்லிக்கலாம். அத்துக்குத் தெரியும், நான் எவ்ளோ துன்றேன்னு. அது கையாலதானே போடுது."

கொஞ்ச தூரம் போனதும் சைக்கிளை நிறுத்தி, "ஆனாக்கா அவுங்க சொல்றதுலயும் ஒண்ணு கீது. துன்னது நீதான். துன்னணும்னு நெனச்சுகினே நின்னது நான்தானே? அதுவும் பாவந்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அது தெரிய வந்தது. அண்ணன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லிவந்தது ஒரே பாவம்தான். போசனப்பிரியம், சாப்பாட்டின் மேல் ஆசை. சாமியார் ஜெபம் சொல்லச் சொல்வார், ஒருவேளை உணவை விடச் சொல்வார். இவரும் விடுவார். பசி மட்டும் விடாது. அடுத்த முறையும் போய் மண்டியிட்டு அதையே சொல்வார். சிறு வயதிலிருந்து இப்படி.

அதற்கடுத்து ஈஸ்டருக்கு முன் வந்த நாற்பது நாள் தவக்காலத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். காலையில் கருப்புக் காப்பி, மதியம் ஒரு குவளைக் கஞ்சி, இரவில் ஒன்றுமில்லை. மேரி அக்கா என்னிடம் வந்து, "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி, ஊட்டுல யாரோடயும் பேச மாட்டேங்கறாரு. புள்ளைங்க சாப்பிடறப்ப எழுந்து ஏரிக்கரைக்குப் போயிடறாரு" என்று கண் கலங்கினார். சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கன்னம் ஒட்டியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். தொழிற்சாலையே கொண்டாடியது. "மனசு வெச்சா முடியும்னு காட்டிட்டாரு பாரு" என்றார்கள். மேற்பார்வையாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு மட்டும் அவருடைய கைகள் தெரிந்தன. லேசான நடுக்கம் வந்திருந்தது. அளவெடுக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். ஒருநாள் ஓடும் மெஷினின் மேல் தலை சாயப்போனது. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறந்தவர் முதலில் சொன்னது, "சோத்தக் கனா கண்டுகினு இருந்தேன், நைனா."

ஈஸ்டருக்குப் பிறகு பழையபடி, மற்றவர்கள் அளவுக்குச் சாப்பிட ஆரம்பித்தார். மழைக்காலம் வருவதற்குள் இறங்கிய எடை முழுவதும் ஏறிவிட்டது, மேலும் கொஞ்சம் கூடவே. முன்பு கொண்டாடியவர்களே, "நாக்கு விடுமா?" என்றார்கள். முன்பெல்லாம் பட்டப்பெயர் சொன்னால் சிரிப்பவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் நான் பஸ்ஸில் வேர்த்து மயங்கி விழுந்தேன். அதனால் ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போது அண்ணன் கூட வந்தார். அன்று புதிதாக ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். எலும்பும் தோலுமாக என்னையும், கதவை நிறைத்துக்கொண்டு நின்ற அவரையும் பார்த்துவிட்டு, "உட்காருங்க ரெண்டு பேரும்" என்றார். என் கதையைக் கேட்டார். நான் அண்ணனின் கதையையும் சொன்னேன். டப்பா, தவக்காலம் எல்லாவற்றையும். அண்ணன் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் ஒரு காகிதத்தில் இரைப்பையை வரைந்தார். "இது வெறும் பைன்னு நினைச்சுட்டு இருக்கோம். இது பேசற உறுப்பு. வயிறும் குடலும் சில சுரப்புகளை ரத்தத்துல விடுது. ஹார்மோன்னு பேரு. ஒண்ணு அமிலத்தைச் சுரக்கச் சொல்லும். ஒண்ணு பித்தப்பையைப் பிழியச் சொல்லும். சாப்பாடு போதும்னு மூளைக்குச் சேதி சொல்றதும் இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சுட்டு வர்றாங்க. உங்களுக்கு" என்று என்னைக் காட்டி, "அமிலத்தைச் சுரக்கச் சொல்ற பகுதியையே வெட்டி எடுத்தாச்சு. சாப்பாடு வயித்துல தங்காம நேரா குடல்ல விழுது. குடல் பயந்துபோய் எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டுது. அதான் வேர்வை, அதான் மயக்கம்" என்றார்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அந்தப் 'போதும்'ங்கற சேதி மெதுவாப் போகுதோ, குறைவாப் போகுதோ. சோதிச்சுச் சொல்ல நம்மகிட்ட வழி இல்ல. பட்டினி போட்டா உடம்பு இழந்ததைத் தேடி இன்னும் அதிகமாப் பசிக்கும், அது மட்டும் தெரியும். இது நீங்க வேணும்னு செய்யறது இல்லன்னு சொல்லலாம்."

அண்ணன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ, இது பாவம் இல்லீங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பாவம் புண்ணியம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா உங்க சிநேகிதர் பசிக்காம இருக்கறது அவரோட புண்ணியம் இல்ல. அது எனக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. "நைனா, சாமியாராண்ட சொல்ட்டேன். இனிமே அத்தச் சொல்ல மாட்டேன்னு."

"என்ன சொன்னார்?"

"சரி, வேற இன்னா பாவம் கீதுன்னு கேட்டாரு. ரோசன பண்ணிப் பாத்தேன், ஒண்ணும் தோணல. இத்தினி வர்சமா இத்தையே பாத்துகினு இருந்ததுல வேற எத்தையும் கவனிக்கவே இல்ல நைனா!"

விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஊர் அப்படி விடவில்லை. திருவேற்காட்டில் நம் நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். பரிமாறியவர்கள், "இளைச்சுப் போயிட்டீங்களே, நல்லா சாப்பிடுங்க" என்று என் இலையில் குவித்தார்கள். அவருடைய இலையை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனார்கள். அவர் கேட்கவில்லை. என் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ரசத்துக்கே இலையை மூடிவிட்டு எழுந்தார். டாக்டர் சொன்னதைப் பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கத்தினாலும் என் வயிற்றையும் அவர் வயிற்றையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்குச் சர்க்கரையும் இதய பலவீனமும் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கால்கள் வீங்கியிருந்தன. தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேரி அக்கா கொண்டுவந்த கஞ்சி தொடப்படாமல் இருந்தது. அக்கா மருந்து வாங்கப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நைனா, பசிக்கல."

"உடம்பு சரியில்லாததாலண்ணே. சரியாயிடும்."

"அது இல்ல. சுத்தமா பசிக்கல. நாலு நாளா. பொறந்ததுலருந்து இப்டி இருந்ததே இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்ல சந்தோசமா இருந்துச்சு. அப்பால பாத்தா, இன்னா வெறிச்சுனு கீது! காலைல எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு தெரியல. இப்டியா நீ இத்தினி வர்சமா இருந்த?"

நான் தலையாட்டினேன்.

அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார். "பாவம் நைனா நீ" என்றார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். வாழ்நாள் முழுவதும் எனக்குக் கிடைத்த பாராட்டுக்கெல்லாம் விலை கொடுத்த மனிதர், சாகும் தறுவாயில் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

அடக்கத்தின்போது பெட்டியைத் தூக்கியவர்கள் அதன் கனத்தைச் சொல்லி மெல்ல முணுமுணுத்தார்கள். "கோபாலு, நீ வாணாம், உன்னால தாங்க முடியாது" என்று யாரோ ஒதுக்கினார்கள். ஒதுங்கவில்லை. கல்லறை வரைக்கும் என் தோள் அந்தப் பெட்டியின் அடியில்தான் இருந்தது. இரண்டு இடத்தில் தடுமாறினேன். பின்னால் வந்தவர் என்னையும் சேர்த்துத் தாங்கினார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது மேரி அக்கா அவருடைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவது. "வேற யாருக்கும் ஆவாது தம்பி. தையக்காரர்கிட்ட குடுத்தா உங்களுக்கு ரெண்டு சட்டையே வரும்" என்றார். தையல்காரரிடம் கொடுக்கவில்லை. போன ஞாயிறு வீட்டில் யாரும் இல்லாதபோது அதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கைகள் விரலைத் தாண்டித் தொங்கின. தோள் முழங்கை வரைக்கும் இறங்கியது. கண்ணாடியில் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சட்டை. அதை வெட்ட மாட்டேன். இனி யாராவது என் உடம்பைப் பார்த்து, "எப்படிக் கட்டுப்பாடா இருக்கீங்க" என்று கேட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போய் அதை விரித்துக் காட்டி, இதைப் போட்டிருந்த மனிதர் என்னைவிடக் கட்டுப்பாடாக இருந்தார் என்று சொல்வேன். நம்புவது அவர்கள் பாடு.